குறை சொன்னவருக்கே பொறுப்பு

ஒரு சபையை மூடுவதற்கு எட்டு வரிகள் போதும் என்று தலைமை அலுவலகத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். சபைச் செயலாளர் என்ற முறையில் அந்தக் கடிதத்தைப் பிரித்தவன் நான். போதகரின் குரல் போய்விட்டது; ஆகவே சபையை வழிநடத்த ஆள் இல்லை; ஆகவே நகரின் மறுகோடியிலுள்ள பெரிய ஆலயத்தோடு இச்சபை இணைக்கப்படும். மாதக் கடைசி ஞாயிறன்று கண்காணிப்பாளர் வருவார். ஆராதனை அவருக்குத் திருப்தி அளிக்காவிட்டால், அன்றைக்கே ஆலயச் சாவியை அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். 'ஆகவே' என்ற சொல்லை இவ்வளவு துணிச்சலாகப் பயன்படுத்திய மாணவன் எவனையும் நான் உட்கார விட்டதில்லை.

சினம் ஒருபுறம் இருக்கட்டும், அச்சமும் இருந்தது. பெரிய ஆலயத்துக்கு இரண்டு பேருந்துகள் மாறிச் செல்ல வேண்டும். என் மனைவிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. ஒரு படி ஏறுவதே அவளுக்குப் பெரும்பாடு.

"அவ்வளவு தூரம் என்னால ஆகாதுங்க. நான் வீட்டுலயே ஜெபம் பண்ணிக்கிறேன்" என்றாள். சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சேலையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். அவளைப் போன்ற பதினேழு பேரின் பெயர்கள் எனக்கு மனப்பாடம்.

குரல் போனது என்னவோ உண்மை. இரண்டு மாதங்களுக்கு முன்பு போதகரம்மாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதம் முணுமுணுக்கக்கூடக் கூடாது என்றார் மருத்துவர். அதற்குப் பிறகும் குரல் திரும்பும் என்று அவர் உறுதி கூறவில்லை. நான்தான் என் பழைய சிலேட்டையும் ஒரு பெட்டி சாக்பீஸையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்த கையோடு, சபையின் பொறுப்பு முழுவதையும் என்னிடம் விட்டுவிடலாம் என்றும் பணிவாகத் தெரிவித்தேன். அந்த யோசனைக்கு ஆதாரமாக ஏழு குறைகளை வரிசையாக எடுத்துரைத்தேன்: வெளிக்கதவு கிறீச்சிடுகிறது, நாற்காலிகள் கோணலாகக் கிடக்கின்றன, ஆராதனை பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்குகிறது, இன்னும் நான்கு.

போதகரம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு சிலேட்டில் எழுதித் திருப்பிக் காட்டினார்.

"ஏழும் உங்களுக்கு."

சபைப் பொறுப்பு எனக்கு வரவில்லை. எண்ணெய்க் குப்பிதான் வந்தது.

அவ்வாறு தொடங்கியதே எங்கள் சபையின் புதிய சட்டம். முன்பெல்லாம் யார் எந்தக் குறையைச் சொன்னாலும், "நான் பாத்துக்கிறேன்" என்று போதகரம்மா வாக்களிப்பார். பாவம், ஒற்றை ஆளாக ஓடி ஓடிக் குரலையும் இழந்தார். இப்போது வாக்களிக்க வாய் இல்லை. குறை சொன்னவரின் பெயரைச் சிலேட்டில் எழுதுவார், அவ்வளவுதான்.

"பாட்டு எல்லாம் ஆமை மாதிரி ஊருது" என்று அலுத்துக்கொண்ட தையல்கார அக்காவிடம் பாடகர் குழு போய்ச் சேர்ந்தது. அவர் வெள்ளிதோறும் கடையை அரை மணி நேரம் முன்னதாகப் பூட்டிவிட்டுப் பயிற்சி கொடுத்தார். கழுத்தில் அளவு நாடா தொங்க, கையில் கத்தரிக்கோலை வைத்துத் தாளம் போட்டார். தப்பாகப் பாட யாருக்குத் துணிவு வரும்? "படுத்த படுக்கையா கிடக்கிறவங்கள யாரும் எட்டிக்கூட பாக்கிறதில்ல" என்று வருந்திய மருத்துவமனைத் தாதி, நோயாளிகளைச் சந்திக்க ஆறு பேரைத் திரட்டினார். குறை சொல்லவே சிலர் அஞ்சினர். நானும் அஞ்சினேன், என் கைவசம் ஏற்கெனவே ஏழு இருந்தன.

கடிதம் வந்த வாரம் செயற்குழு கூடியது. நான் அதை வாசித்து முடித்ததும் ஒரே கூச்சல். பேருந்து ஓட்டுநர் ஒருவர் எங்கள் சபையில் உண்டு. 'ஹாரன்' என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். ஊரெல்லாம் கேட்கும் குரல். அவர் எழுந்தார்.

"பிரசங்கம் யார் பண்ணப் போறாங்க? வாத்தியார் ஐயா ரெண்டு மாசமா எழுதிட்டு வந்து படிச்சுக் காட்டுறாரு. நல்ல தமிழ்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா ஐயா ஆரம்பிச்ச வாக்கியம் முடியறதுக்குள்ள நான் ரெண்டு ட்ரிப் அடிச்சிட்டு வந்துடலாம். புரியிற மாதிரி யாராவது பேசக்கூடாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். சாக்பீஸ் கீச்சிட்டது. போதகரம்மா சிலேட்டைத் திருப்பினார்.

"ஹாரன்."

"ஐயையோ! அம்மா, என்னைப் போயா?"

"சொன்னீங்கல்ல?" என்றார் தையல்கார அக்கா. "மாட்டிக்கிட்டீங்க, தம்பி."

கூட்டம் கலைந்ததும் போதகரம்மாவிடம் சென்றேன். "சாவி போகப்போகிற நாளில் ஓர் ஓட்டுநரையா பிரசங்க மேடையில் ஏற்றுவது?" என்று கேட்டேன். குரல் சற்று உயர்ந்தே இருந்தது. அவர் சிலேட்டைத் துடைத்தார். பிறகு எழுதினார்: "நான் இல்லாமலும் இவங்க நடக்கணும். அதுக்குத்தானே நான்?" என் கோபம் தணியவில்லை.

கடைசி ஞாயிறு வந்தது. ஆலயச் சாவி என் சட்டைப் பையில் கல்லாகக் கனத்தது. என் மனைவி பெட்டியின் அடியிலிருந்து சேலையை எடுத்து உடுத்திக்கொண்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

கண்காணிப்பாளர் அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். உயர்ந்த உருவம், தோல்பை, சிரிக்காத முகம். வெளிக்கதவு ஓசையின்றித் திறந்தது. அதை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். பாடகர் குழு கடைசி ஒத்திகையில் இருந்தது. அவர் பின்புறம் நின்று கேட்டார். தலையை ஒருபுறம் சாய்த்தார்.

"பாட்டு பரவாயில்ல. ஆனா கீழ்க்குரல்ல ஆம்பளைங்க போதல" என்றார்.

பாட்டு அந்த இடத்திலேயே நின்றது. தையல்கார அக்கா திரும்பினார். வந்தவர் யார், எதற்காக வந்தார் என்பதெல்லாம் அக்கணத்தில் அவர் நினைவில் இல்லை. இரண்டு மாதப் பழக்கம் அப்படி. பாட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து கண்காணிப்பாளர் கையில் திணித்தார்.

"வாங்க ஐயா. கடைசி வரிசை, வலது ஓரம்."

"நானா? அம்மா, நான் வந்தது..."

"குறை சொன்னவங்கதான் செய்யணும். இங்க அதுதான் சட்டம். பையை அந்த நாற்காலியில வைங்க, யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க."

எங்கள் கழுத்துக்குக் கயிறு கொண்டுவந்தவரை, எங்கள் ஆட்களே கடைசி வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்! நான் மன்னிப்புக் கேட்க ஓடினேன். அதற்குள் அக்காவின் கத்தரிக்கோல் அசைந்தது. கண்காணிப்பாளர் வாயைத் திறந்தார். என்ன குரல் அது! ஆழ்கிணற்றில் வாளி இறங்குவது போன்ற கனம். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆராதனை குறித்த நேரத்தில் தொடங்கியது. கூடுதலாக நாற்காலிகள் போட வேண்டியிருந்தது. தாதி சந்தித்த நோயாளிகளின் குடும்பத்தார் வந்திருந்தனர், படுக்கையை விட்டு எழுந்த இருவரும் வந்திருந்தனர். பாட்டு முடிந்தது. ஹாரன் மேடையேறினார்.

ஏறியவர் பேசவில்லை. பத்து நொடி, இருபது நொடி. ஊரையே அதிரவைக்கும் அந்தத் தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. கையிலிருந்த தாள் படபடத்தது. என் பையில் ஓர் உரை தயாராக இருந்தது, நான் எழுந்தேன். முன்னிருக்கையில் இருந்த போதகரம்மா என் பக்கம் திரும்பினார். ஒரு கையை மெல்லத் தாழ்த்தினார்: உட்காருங்கள். நான் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த கடினமான காரியம் அதுதான்.

பிறகு போதகரம்மா ஹாரனைப் பார்த்துத் தலையசைத்தார். ஹாரன் தாளை மடித்துச் சட்டைப் பையில் செருகினார்.

"எனக்கு இதெல்லாம் வராது. வண்டி ஓட்டத்தான் தெரியும்" என்றார். "கடைசி ஸ்டாப்புக்குப் போறப்போ வண்டி காலியாத்தான் இருக்கும். டீசல் வேஸ்ட்டு, பாதியில திருப்பிட்டு வந்துடலாமேன்னு தோணும். ஒருநாள் திருப்பிட்டேன். மறுநாள் போனா, ஒரு அம்மா சொன்னாங்க: 'நேத்து மழையில ரெண்டு மணி நேரம் நின்னேன்பா. நீ வருவேன்னு நின்னேன்.' அன்னையிலிருந்து காலியா இருந்தாலும் போவேன். ஏன்னா அங்க யாரோ நிக்கிறாங்க. கடவுள் நம்மள கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்து ஏத்திக்கிட்டவரு. நாம பாதியில திருப்பலாமா?"

அவ்வளவுதான். பதினொரு வாக்கியங்கள், எண்ணிப் பார்த்தேன். பதினொன்றும் முடிந்த வாக்கியங்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசி வரிசையின் வலது ஓரத்தில் ஒருவர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் அலுவலறைக்கு வந்தோம். வாசலில் கூட்டம் நெரிந்தது. நான் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். கண்காணிப்பாளர் சாவியைப் பார்த்தார், போதகரம்மாவைப் பார்த்தார், ஒரு நாற்காலியில் தொப்பென்று அமர்ந்தார்.

"இருபது வருஷமாச்சு நான் பாடி" என்றார். பிறகு அவர் முகம் கறுத்தது. "இந்த இடத்தை நேர்ல பாக்காமலே ஒருத்தன் மூடச் சொல்லி லெட்டர் போட்டிருக்கான் பாருங்க. என்ன அநியாயம்! அதை எவனாவது வாபஸ் வாங்க வேணாம்?"

ஹாரன் வாயைப் பொத்திக்கொண்டார். தையல்கார அக்கா போதகரம்மாவின் தோளை இடித்தார். சாக்பீஸ் கீச்சிட்டது, சிலேட்டு மெல்லத் திரும்பியது.

"கண்காணிப்பாளர்."

அவர் அதைப் படித்தார். முதலில் தோள்கள் குலுங்கின. பிறகு அந்த ஆழ்கிணற்றுக் குரல் வெடித்துச் சிரித்தது. வாசலில் நின்றவர்கள் ஆரவாரித்தார்கள். போதகரம்மாவும் சிரித்தார், ஓசை இல்லை, ஆனால் அறை நிறைந்தது.

நான் தாளும் பேனாவும் கொடுத்தேன். கண்காணிப்பாளர் அங்கேயே எழுதிக் கையொப்பமிட்டு, உரக்க வாசித்தார்: சபை இணைக்கப்பட வேண்டியதில்லை, வழிநடத்துதல் குறைவற நடைபெறுகிறது. மூன்றே வரிகள். ஒரு பிழையும் இல்லை. சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"அடுத்த ஞாயிறு ஒத்திகை உண்டா?" என்று தையல்கார அக்காவிடம் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணி. லேட்டா வந்தீங்கன்னா வாசல்லயே நிக்கணும்."

என் மனைவி என் கையைப் பற்றிக்கொண்டு படியிறங்கினாள். மூன்று படிகள், ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு வாங்கினாள். மகிழ்ச்சியில் எச்சரிக்கை மறந்தவனாய், உரக்கவே சொல்லிவிட்டேன்:

"இத்தனை ஆண்டுகளில் இந்தப் படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே!"

முதுகுக்குப் பின்னால் சாக்பீஸ் கீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி பார்த்தாள்.

"எட்டாவதுங்க" என்றாள்.