யாழினி பெயரில் ஒரு கிரகம்

புனிதன் சார் மஸ்தான் கடையில் தே தாரிக் டீ குடித்துவிட்டுச் சும்மா எழுந்து வந்திருக்கலாம். வாயைத் திறந்தார்.

"செயற்கைக்கோள் ஒரு நட்சத்திரம் மங்குறதைப் பாத்திருக்கு. குறுக்க கிரகம் போகுதோ என்னவோ. எங்க வீட்டு மொட்டைமாடி தொலைநோக்கியில பாத்துத்தான் உறுதி பண்ணணும்."

உறுதி பண்ணும்வரை யார் காத்திருந்தார்கள்? மறுவாரமே புக்கிட் ரோத்தான் கோயில் வாசலில் பேனர் தொங்கியது: 'கிரகம் கண்ட நம் ஆசிரியர்!' பல்லைக் காட்டும் அவர் படம் வேறு.

கோயில் தலைவர் சோமு அதோடு விட்டாரா? போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோன மகள் யாழினியின் பெயரை அந்தக் கிரகத்துக்கு வைக்கச் சொன்னார். அது தன் கையில் இல்லை என்று சொல்ல வந்த புனிதன், அந்த மனுஷன் கண்ணைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார். ஆட்டியிருக்கவே கூடாது.

பாராட்டு விழாவன்று காலையில்தான் தான் எடுத்த படங்களை அளந்து முடித்தார். செயற்கைக்கோளுக்கு ஒரே புள்ளியாகத் தெரிந்தது இவர் படத்தில் இரண்டாகப் பிரிந்திருந்தது. மங்கியது அந்த நட்சத்திரமே இல்லை, பக்கத்தில் ஒட்டிக்கிடந்த இன்னொன்று. அதுவும் ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை நட்சத்திரம். கிரகமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. உண்மையைச் செயற்கைக்கோளின் ஆய்வுக் குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டார். ஊருக்கு எப்படிச் சொல்வது?

சாயங்காலம் சோமுவைத் தனியே பிடிக்கலாமென்று கோயில் மண்டபத்துக்கு முன்கூட்டியே போனார். வாசலிலேயே கழுத்தில் மாலை விழுந்தது. மேளத்தோடு தள்ளிக்கொண்டுபோய் மேடையில் உட்காரவைத்துவிட்டார்கள். பொன்னாடைக்கு மேல் பொன்னாடை. மூச்சு முட்டியது. எழுந்து ஓடலாமென்றால் படியை அடைத்துக்கொண்டு ஆட்கள்.

மைக் கைக்கு வந்ததும் போட்டு உடைத்தார்.

"மன்னிச்சிருங்க. அது கிரகம் இல்ல. நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல."

சோமு எழுந்து நின்று கைதட்டினார். "சாருக்கு எவ்ளோ தன்னடக்கம் லா!"

மண்டபமே தட்டியது. "நெசமாத்தாங்க..." என்ற அவர் குரல் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

தட்டாமல் இருந்தவர் சோமுவின் மனைவி லீலாவதி மட்டும். பந்தி நடந்த கொட்டகையில் புனிதனை ஓரமாக அழைத்தார்.

"நெசமாவே இல்லையா, சார்?"

"இல்லக்கா." புனிதனுக்கு அழுகை வந்துவிட்டது.

லீலாவதி திரும்பிப் பார்த்தார். சோமு இலை இலையாகப் பாயசம் ஊற்றியபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவ போனதுலேர்ந்து இந்த மனுஷன் இன்னைக்குத்தான் சிரிக்கிறாரு. எனக்குத் தெரிஞ்சது போதும். அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

அதற்குள் சோமு பாயச வாளியோடு வந்து நின்றார். "சார், எம்பொண்ணு எந்தப் பக்கம் இருக்கா? கொஞ்சம் காட்டுங்களேன்."

லீலாவதி கண்ணாலேயே கெஞ்சினார். புனிதன் கையைத் தூக்கிக் கிழக்கே காட்டினார்.