கலாதேவியின் மூக்கு

...இன்னும் கொஞ்ச நேரத்தில் குனிந்தாக வேண்டும், சாம்பார் அண்டாவுக்கு மேல் முகத்தை நீட்டி, ஆவியை இழுத்து, உப்பு போதும் போதாது என்று சொல்லியாக வேண்டும், சாமிக்குப் படைக்கும் முன் யாரும் நாக்கில் வைக்கக் கூடாது, அதனால்தானே இந்தக் கோயிலில் கலாதேவியின் மூக்குக்கு இத்தனை வருட மரியாதை... அந்த மூக்குதான் இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலோடு போய்ச் சேர்ந்துவிட்டதே. பூண்டும் ஒன்றுதான், பினாயிலும் ஒன்றுதான். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன செய்வார்கள், பாவம் அக்கா உட்காருங்க என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வெங்காயத்தைக் கையில் கொடுத்து... சீ, அதற்கு வீட்டிலேயே கிடக்கலாம். ஆனால் ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு வேலை போய் ஈப்போவுக்கும் சிம்பாங் பூலாய்க்கும் சிதறிப்போன தோட்டத்துச் சனம் ஒரே பந்தியில் உட்காருவது வருடத்தில் இன்றைக்கு ஒருநாள்தான், அவர்கள் வாயில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டால்?

இதில் கூடமாட சமைக்கும் இந்த இரண்டும் வேறு, காலையிலிருந்து ஓயாத வாய். ஆரம்பத்தில் பிரமிளாவுக்கும் ரோய்ஸ்டனுக்கும் ஆகவே ஆகாது, அவள் அடுப்பை ஏற்றுவாள், அவன் இறக்குவான், நடுவில் சோறு அடிப்பிடித்துக் கிடக்கும், அப்போது கலாதேவி திட்டிய திட்டு கொஞ்சமா? பிறகு எப்படியோ கை பழகிப்போனது, நீட்டினால் கரண்டி வரும், திரும்பினால் அண்டாவின் மறுகாதை ஒருவர் பிடித்திருப்பார், பேச்சே தேவைப்படாது. அப்படியிருக்க இன்றைக்கு என்ன வளவளப்பு? "பருப்புல பச்ச வாசம் போயிருச்சுக்கா" என்கிறாள் இவள். "தாளிப்பு கமகமங்குது லா, இறக்கிரவாக்கா? விட்டா கருகிரும்" என்கிறான் அவன். "புளி வாடை இன்னும் தூக்கலா இருக்கு, கொதிக்கட்டுமாக்கா?" ஆமா, சரி, கொதிக்கட்டும்... வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்று சொல்ல வந்தவள், அப்படியே நின்றாள். வாசம், வாடை, கமகமப்பு. வேறு எதையும் பேசவில்லையே இவர்கள்.

உப்பை அள்ளிய கை அண்டாவின் மேல் நின்றது. பிரமிளா தோளோடு தோள் உரச வந்து, கோயில்காரர்கள் காதில் விழாதபடி சொன்னாள்: "நீங்க போடுங்கக்கா. போதும்னா நான் சொல்றேன்." போட்டாள். பிரமிளா ஆவியை இழுத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றாள். போட்டாள். "போதும்." எப்போது கற்றுக்கொண்டாள் இவள்? ரோய்ஸ்டன் இந்தப் பக்கமே பார்க்காமல் ஏதோ உலக மகா காரியம்போல் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். நல்லா இருங்க புள்ளைகளா, நல்லா இருங்க என்று மனசு அடித்துக்கொண்டது, கண் நிறைந்தது, புகை என்று சொல்லவும் வழியில்லை, எரிவது கேஸ் அடுப்பு. ஆனால்... போன மாதம் சிலிபின் கோயில் பூசையில் ரசத்தைக் கேட்டுக் கேட்டுக் குடித்தார்களே, மூக்கு போனால் என்ன, பழக்கம் கைகொடுத்தது என்று அவள் நினைத்துக்கொண்டாளே... அன்றைக்கும் இவர்கள் பேசிக்கொண்டேதானே இருந்தார்கள்? காய்ச்சல் விட்டு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவளை அடுப்பின் முன்னால் தனியாக விட்டதில்லையே, இவர்கள்.