மற்றும் பதினொரு பேர்

எங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு சைக்கிளும் அரை மணித்தியாலமும் போதும். அந்த நெடுவெளிக்குளத்துக்கு ரொறன்ரோவில் ஒரு ஒன்றியம், தலைவர், செயலாளர், பொருளாளர், வருஷா வருஷம் யூலையில் மார்க்கம் நகரப் பூங்காவில் ஒன்றுகூடல். ஊரில் உள்ள வீடுகளைவிட இங்கே பதவிகள் அதிகம் என்று என் மனுசன் பகிடி பண்ணுவார். செயலாளர் நான்தான், கிளடிஸ். வாய் நீளம், ஆனால் வேலை சுத்தம் என்று பெயர். அந்தப் பெயரை இந்த வருஷம் நானே கெடுத்துக்கொண்டேன்.

கயிறிழுப்பு, தேசிக்காய் ஓட்டம் எல்லாம் முடிந்து, சாப்பாட்டுக்கு முன் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யுத்தத்தில் ஷெல் விழுந்து ஒரே நாளில் செத்த பதினான்கு பேரின் பெயர்களையும் செயலாளர் வாசிக்க வேண்டும். கோயிலடியில் தொடங்கிக் குளத்தடி வரை, வீட்டு ஒழுங்கில். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டார் "வந்திருக்கிறம்" என்று குரல் கொடுப்பார்கள். வீட்டார் வேறு நாட்டில் என்றால் அயலவர் சொல்வார்கள்.

குளத்தடியில் கடைசி வீடு அமிர்தநாதர் அங்கிளுடையது. கடைசிப் பெயர் அவருடைய ஒரே மகள் றீற்றா. பத்தொன்பது வயது. எண்பத்திரண்டு வயதில் அவர் அஜக்ஸ் நகரிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வருவார். காரில் ஏற்றுகிறேன் என்றாலும் கேட்கமாட்டார். சீட்டாட்டமும் இல்லை, பெரிதாகச் சாப்பாடும் இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

தேர்தல் மணக்கிற வருஷங்களில் அரசியல்வாதிகள் எங்களைத் தேடி வருவார்கள். இந்த முறை எம்.பி.யைக் கூப்பிட்டது நான். ஊர்ப்பற்றில் இல்லை. என் தங்கை அன்ரனெற்றுக்கு இரண்டு தரம் விசா மறுத்துவிட்டார்கள். என் மகளின் கலியாணத்துக்கு அவள் வரவேண்டும். எம்.பி.யின் காதில் ஒரு சொல் போட்டுவிட்டால் காரியம் நடக்கும் என்று நினைத்தேன்.

அவர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். அவருடைய உதவியாளர் செரீனா என்ற தமிழ்ப் பிள்ளை என்னிடம் ஓடிவந்து, "அன்ரி, பத்து நிமிஷம்தான். இன்னும் ரெண்டு பிக்னிக் இருக்கு" என்றாள்.

தலைவர் மாக்கஸ் அண்ணை என் கையிலிருந்த பட்டியலைக் காட்டி, "உந்தப் பட்டியலைக் கொஞ்சம் சுருக்கு, கிளடிஸ். மனுசன் போயிடுவார்" என்றார்.

வேறு வருஷம் என்றால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். செத்த சனத்தைச் சுருக்கிறதோ என்று கேட்டிருப்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் சுருக்கியிருப்பேன். அதுதான் உண்மை, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்று பெயர்களை வாசித்தேன். "மற்றும் பதினொரு பேருக்கும் எங்கள் அகவணக்கம்" என்று சொல்லி மைக்கை எம்.பி.யிடம் கொடுத்தேன். சனம் கைதட்டியது. கொத்துரொட்டி மணத்தில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

அமிர்தநாதர் அங்கிள் மட்டும் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வலியில் எழும்பப் பிந்தினால் தன் முறை தவறிவிடும் என்று முதல் பெயருக்கே எழும்பிவிடுகிறவர் அவர். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தபடி, பேச்சு முடியும் வரை நின்றார். தனக்குத்தான் அந்த மரியாதை என்று நினைத்த எம்.பி. இறங்கிப்போய் அவருடைய கையைக் குலுக்கினார். படமும் எடுத்தார்கள். அந்த நேரம் நான் செரீனாவின் கையில் தங்கையின் விசாக் கடிதங்களைத் திணித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சாப்பாட்டுத் தட்டோடு அவரிடம் போனேன். "அங்கிள், மன்னியுங்கோ. இப்ப எல்லாப் பேரையும் வாசிக்கிறன்" என்றேன்.

"வேண்டாம் பிள்ளை, சனம் சாப்பிடுது" என்றார். தட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "நான் செத்தாப்பிறகு அவளின்ர பேருக்கு ஆர் எழும்பிச் சொல்லுறது எண்டுதான் இவ்வளவு நாளும் யோசிச்சனான். வாசிக்க ஆள் இல்லாமல் போகும் எண்டு யோசிக்கேல்லை."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நான் காரில் ஏற்றுகிறேன் என்று பின்னால் போனேன். வழக்கம்போலக் கையை அசைத்து மறுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை செரீனா போன் எடுத்தாள். "அன்ரி, உங்கட தங்கச்சியின்ர முழுப் பேரையும் பாஸ்போட்டில இருக்கிற மாதிரியே சொல்லுங்கோ."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவள் திருப்பி வாசித்தாள். ஒரு எழுத்துப் பிழைத்தது, திருத்தினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.

"பேர் முக்கியம் அன்ரி" என்றாள். "ஒரு எழுத்து விட்டாலும் ஃபைல் திரும்பி வந்திடும்."

"ஓம் பிள்ளை" என்றேன்.