ஒரு மணி நேரத் தண்ணீர்

ஆறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் வீதோமிர் மின்நிலைய வாசலில் வந்து நின்றபோது, ரதென்கோ கையிலிருந்த காப்பிக் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினான்.

"நாளைக்குத் திருமுழுக்கு நாள். பாதிரியார் சிலுவையை எறிய, நாங்க முங்கி எடுக்க, ஆத்துல ஒரு முழம் தண்ணி இல்ல. ஒரு மணி நேரம் விடுடா."

"மேலிடத்துல கேக்கணும்ணே."

"கேளு, நல்லாக் கேளு. கையெழுத்துப் போடறப்ப எங்கள ஒரு வார்த்தை கேட்டியா?"

சுருக்கென்றது. இந்த மின்நிலையத்துக்குச் சம்மதம் சொல்லி ஊரில் விழுந்த முதல் கையெழுத்து அவனுடையதுதான். மேலே அணை கட்டி ஆற்றை மறித்து, மூன்று கிலோமீட்டர் குழாயில் மலையிறக்கினால், விழுகிற வேகத்தில் டர்பைன் சுற்றி மின்சாரம் வரும். கரி வேண்டாம், புகை கிடையாது என்றார்கள். அதில் பொய் இல்லை. பனிக்காலத்தில் இப்போது விளக்கு அணைவதில்லை, அவனுக்கு மாதச் சம்பளமும் வருகிறது. மீனுக்கென்று ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் விட்டுவைப்போம் என்றதுதான் காற்றோடு போயிற்று. ஆறு முழுக்கக் குழாய்க்குள் போக, ஊருக்குக் கூழாங்கல் மிஞ்சியது.

தலைமை அலுவலகம் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டது.

மறுநாள் காலை ரதென்கோ அணைமேல் ஏறினான். மேல்மதகைத் திறந்தால் தலைமை அலுவலகக் கணினியில் தெரியும். அடிமதகு கையால் சுற்றுவது, காட்டிக்கொடுக்காது. வேலையும் போகாது, அண்ணனும் பேசுவான். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினான்.

கீழே பாலத்தருகே கூடியிருந்த ஊர், கலங்கலாக வந்த தண்ணீருக்கே ஆரவாரித்தது. பாதிரியார் மரச்சிலுவையை எறிந்தார். ஐம்பது வயதில் வீதோமிர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தான். அப்போதுதான், ஆறு வருஷமாக அணையின் அடியில் யாரும் வாராத சேறு மொத்தமும் சரிந்து வந்தது. கறுப்பாக, கூழாக, அழுகல் நாற்றத்தோடு. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார்.

அணைமேல் ரதென்கோவின் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. தலைமை அலுவலகம். "குழாயில அழுத்தம் இறங்குதே, என்ன பண்றீங்க அங்க?"

மதகை மூடிவிட்டுக் கீழே ஓடினான். ஆறு அதற்குள் வற்றியிருந்தது. பலர் போய்விட்டார்கள். வெற்று மார்போடு வீதோமிர் சேற்றில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் சிலுவையைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"வெறச்சுப் போயிடுவண்ணே, மேல வா. நான் தேடறேன்."

"நீ எறங்காத."

ரதென்கோ கரையிலேயே நின்றான். அவமானத்தில் அழுகைகூட வரவில்லை. அண்ணனின் கை சேற்றுக்குள் முழங்கை வரை போய் வெறுமையாக வெளியே வந்தது. பாலத்து விளக்கை யாரும் அணைக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் அது நின்று எரிந்துகொண்டிருந்தது.