அடி எடுத்துக் கொடுத்தவள்

வானொலி நிலையத்தில் எனக்குச் ‘சிடுமூஞ்சி’ என்று பெயர். என் காதுக்கு எட்டாது என்ற நம்பிக்கையில் வைத்தது. ஒரே ஓபரா இசைநாடகத்தின் நான்கு ஒலிப்பதிவுகளைக் கேட்டு, வாங்கத் தகுந்தது எது என்று நேயர்களுக்குச் சொல்வது என் வேலை. இருபத்தாறு வருடத்தில் தாட்சண்யத்துக்காக ஒரு வரி சொன்னதில்லை.

இந்த வாரம் ‘படகோட்டியின் மகள்’. ஏழு நாளும் வீட்டில் அதுதான் ஓடியது. மனைவி காலமாகி இரண்டு வருடமாகிறது. பேச்சுத்துணை என்று எனக்கு இருப்பது ஸ்பீக்கர்தான். முதல் பதிவில் கதாநாயகிக்குச் சளி. இரண்டாவதில் வாத்தியக்காரர்களுக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம். மூன்றாவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கொட்டாவிதான் வந்தது. நான்காவது எங்கள் ஊர் அரங்கில், மேடையில் நடக்கும்போதே பதிவு செய்தது. பாட்டென்றால் அது பாட்டு.

அந்த மேடையின் முன்விளிம்பில், ஆள் குனிந்து உட்காருகிற ஒரு பள்ளத்தில்தான் என் மனைவிக்கு வேலை. ஒவ்வொரு வரிக்கும் முதல் சொல்லை ஒரு நொடி முன்னதாகப் பாடகர்களுக்கு எடுத்துக் கொடுப்பாள். சபைக்கு அது கேட்கக் கூடாது. ஆனால் மைக்குக்குக் கேட்டுவிட்டது. இசைத்தட்டு வெளிவந்தபோது நான் பத்திரிகையில், ‘கூடவே ஒரு முணுமுணுப்பு காதை அரிக்கிறது’ என்று எழுதினேன். கட்டிய மனைவி என்றும் பார்க்கவில்லை என்ற கர்வம் வேறு.

அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். “சரியாத்தான் எழுதியிருக்கீங்க. என் குரல் வெளியில கேட்டா அது என் தப்புதானே?”

கம்பெனி அந்தக் குரலைத் துடைத்தெடுத்துப் புதுப் பதிப்புப் போட்டு, எனக்கும் ஒன்று அனுப்பியது. பழையதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டேன். அவள் குரல் வேறெதிலும் பதிவாகவில்லை என்பது, அவள் போன பிறகுதான் உறைத்தது. வாரம் முழுக்க நான்காவது என்று அந்தச் சுத்தமான பதிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், பாவி.

இன்று நிலையத்தில் ஒலிப்பதிவாளர் அம்மா நூலகத்திலிருந்து நான்காவதை எடுத்துவந்து ஓடவிட்டார். பாடகி வாய் திறக்கும் முன்பே மெல்லிய குரலில் ஒரு சொல் வந்தது. நான் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தேன்.

“ஐயோ, பழசை எடுத்துட்டு வந்துட்டேன் சார். மாத்திடறேன்.”

“வேணாம்மா. இதையே போடுவோம்.”

“நேயர்கள் சண்டைக்கு வருவாங்களே! நீங்களே திட்டி எழுதினதாச்சே சார்?”

“வரட்டும்.”

சிவப்பு விளக்கு எரிந்தது. நேரடி ஒலிபரப்பு. “நான்கில் சிறந்தது இது. புதுப் பதிப்பு அல்ல, பழையது. இதில் கேட்கும் ஒரு குரலைக் குறை என்று எழுதியிருந்தேன். தவறு. அந்தக் குரல்...” என்றேன். மேலே வரவில்லை.

விருந்துகளில் எதிரே வருபவரின் பெயர் மறந்து நான் திருதிருவென்று விழிப்பேன். பின்னாலிருந்து அவள் காதோடு சொல்வாள். அந்தப் பழக்கத்தில் இப்போதும் ஒரு கணம் காத்திருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ‘என் மனைவியுடையது’ என்ற இரண்டு சொல்தான். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் அம்மா கையைச் சுழற்றிச் சுழற்றி, பேசுங்கள் என்றார்.

“பாட்டைப் போடுங்கம்மா.”

ஹெட்போனில், காதோடு காதாக அவள் குரல் வந்தது. பாடகிக்குத்தான் சொல் எடுத்துக் கொடுத்தாள்.