பின் அச்சுக்கு ஒரு பூட்டு

1

பதினேழு நாட்கள் நான் டிஃப் லொக், அதாவது வண்டியின் அச்சுக்குப் போடும் பூட்டு, பற்றி மட்டும் படித்தேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில், ஆய்வுகூடத்தில் மாதிரிகள் சூடேறும் இடைவெளியில், அடுப்பில் சோறு கொதிக்கும்போது. எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறேன். அதில் முச்சக்கர வண்டி திரும்புவதே கஷ்டம்.

இந்தக் கதை வந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாம் நாள் காலை ஒரு டொக்டர் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். அதை நான் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து யோசெப்பின் அன்ரி ஃபோன் எடுத்தார். ஜீப்புக்கு எந்த டிஃப் லொக் நல்லது என்று பார்த்துச் சொல்ல முடியுமா, நீ சயன்ஸ் படித்த பிள்ளைதானே என்று கேட்டார். ஓம் என்றேன். நான் யாருக்கும் அவ்வளவு வேகமாக ஓம் சொன்னதில்லை.

(முதலில் எழுதிய தொடக்கம்: "மழை பிடித்துக்கொண்ட ஒரு—" மழையில் தொடங்கும் கதைகளை நான் நம்புவதில்லை. வெட்டிவிட்டேன்.

இரண்டாவது: "வாகனத்தின் பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புக் கூடு இருக்கும். அதற்குள்—" இது பாடப்புத்தகம். ஆனாலும் இதை எழுதும்போது மட்டும் என் கை தடுமாறவில்லை.)

2

யோசெப்பின். ஐம்பத்திரண்டு வயது. தகப்பன் விட்டுப்போன மலர்ச்சாலையைக் கொட்டாஞ்சேனையில் நடத்துகிறார். பிரேத வண்டியையும் தானே ஓட்டுவார். கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையகத்து ஆட்கள் இங்கே இறந்தால், அவர்களை ஊருக்குக் கொண்டுபோகும் வேலை பெரும்பாலும் அவரிடம் வரும். நகரத்து வண்டி தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலை வரைதான் போகும். அதற்கு மேலே, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஏறும் பாதையில் ட்ராக்டர். ட்ராக்டராலும் முடியாவிட்டால் தோள்.

இந்த வருடம் யோசெப்பின் ஒரு பழைய நீள ஜீப்பை வாங்கினார். நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் தள்ளி ஏற்ற உருளைகள் பொருத்தினார். லயத்து வாசல் வரை தானே கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். அதற்குத்தான் டிஃப் லொக்.

(இங்கே நிறுத்தி யோசித்தேன். இப்படி ஒரு மனுஷியை வாசகர் நம்புவாரா? கதைக்கு ஆகும் என்று அவரிடம் குறைகள் தேடினேன். கோபக்காரி. வெறும் வண்டியோடு திரும்பும்போது பைலா பாட்டை உரக்கப் போடுவார். சேற்றில் இறங்குவதென்றாலும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துத்தான். அதில் அழுக்குப் பட்டால் அன்று முழுவதும் எல்லோருக்கும் ஏச்சு. எழுதி முடித்துப் பார்த்தால் இவையும் எனக்குப் பிடித்தவையாகவே இருந்தன. குறை தேடுவதைக் கைவிட்டேன்.)

3

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தடியில் இறுக்கிவிட்டால் ஒன்று நிலத்தில் இழுபடும். ஆகவே அச்சின் நடுவில் சில பற்சக்கரங்களை வைத்தார்கள். அவை இரண்டு சக்கரங்களையும் அதனதன் வேகத்தில் சுற்றவிடும். அதுதான் டிஃப். நான் பௌதிகவியல் படித்தவள். இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு அழகான தீர்வுகள் சிலவற்றைத்தான் பார்த்திருக்கிறேன். அதை யோசித்தவர் கூச்ச சுபாவம் உள்ளவராக இருந்திருப்பார் என்று காரணமில்லாமல் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது மட்டும் சும்மா சுற்றும். கல்லில் நன்றாக ஊன்றி நிற்கும் மற்றச் சக்கரம் அசையாது. வண்டி நின்றுவிடும். விசை எப்போதும் எளிதான பக்கம் போய்விடுகிறது.* டிஃப் லொக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும். ஒன்று வழுக்கினாலும் மற்றது இழுக்கும்.

* சரியாகச் சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு திருப்பும் விசைதான் கிடைக்கிறது. வழுக்கும் சக்கரத்துக்கு எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறதோ அவ்வளவுதான் மற்றதற்கும். மெக்கானிக்மார் சொல்வதையே மேலே எழுதினேன். கதைக்கு அது பொருந்துகிறது.

ஏனென்றால் என் வாக்கியங்களும் அப்படித்தான். பற்சக்கரம் பற்றி எழுது என்றால் நாள் முழுக்கச் சுற்றும். பாரம் ஊன்றிய பக்கம் அசைவதில்லை.

சரி. அந்தப் பக்கம்.

4

பழனியம்மா.

(இந்தப் பெயரை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க வேறொன்றும் எழுதவில்லை. பழனியம்மா என் அம்மா. இங்கே பெயரால்தான் குறிப்பிடுவேன். அம்மா என்று எழுதினால் இது கதையாக நிற்பதில்லை.)

பழனியம்மா மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து இருபது வருடங்கள் வெள்ளவத்தை வீடுகளில் சமைத்தவர். அந்தச் சமையலில்தான் நான் பட்டதாரி ஆனேன். டொக்டர் சொன்னது அவரைப் பற்றி. கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது. ஒப்பரேஷனால் பயனில்லை. இரண்டு மாதம் இருந்தால் பெரிய விஷயம். நான் வீட்டுக்கு வந்து வயிற்றில் புண் என்றேன். உறைப்புக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு அன்றே மிளகாயைக் குறைத்தார். நான் இட்டுக்கட்டிய முதல் கதை அதுதான். இது இரண்டாவது.

மூன்றாம் நாள் யோசெப்பினிடம் சொன்னேன்.

"நான் அவவிட்ட சொல்ல மாட்டன் ஜீவா. அது உன்ர வேலை," என்றார். "ஆனா ரோட்டை அவவிட்டத்தான் கேப்பன். எனக்குத் தெரிஞ்ச ஆகக் கூடாத ரோடு உங்கட ரோடுதான். அதில ஏறினா எல்லாத்திலயும் ஏறும்."

அவர் அந்தப் பாதையை ஒருமுறை நடந்து ஏறியிருக்கிறார். பதினொரு வருடங்களுக்கு முன் என் அப்பா இராமரைக் கொழும்பிலிருந்து கொண்டுபோனவர் யோசெப்பின்தான். தொழிற்சாலையடியில் வண்டி நின்றது. ட்ராக்டர் சேற்றில் புதைந்தது. எட்டுப் பேர் தூக்கினார்கள். மூன்றாம் வளைவில் ஒருவரின் கால் வழுக்கிப் பெட்டி தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து பிளந்தது. பழனியம்மா தன் கம்பளியால் அதைச் சுற்றிக் கட்டினார். பிறகு தூக்கினார்கள்.

அதன் பிறகு அவர் ஒன்றை மட்டும் அவ்வப்போது சொல்வார், மரக்கறி வெட்டிக்கொண்டே, பெரிய விஷயமில்லை என்பதுபோல. தன்னையும் மேலே இராமருக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். ஆனால் யாருடைய தோளிலும் வேண்டாம்.

5

ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய்விட்டு நானும் பழனியம்மாவும் யோசெப்பினிடம் போனோம். வெறும் பெட்டிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் கதிரை போட்டுத் தேநீர் தந்தார். பழனியம்மா பாதையைச் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். முதல் வளைவு சோற்றுக்கைப் பக்கம், அங்கே பாலம். இரண்டாவது இடக்கைப் பக்கம், கல் பெயர்ந்த இடம். மூன்றாவது பள்ளத்துப் பக்கம் சரிந்திருக்கும்.

பிறகு அதை ஃபோனில் செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டேன். வளைவுகளின் எண்ணிக்கை சரி. ஆனால் ஒவ்வொன்றும் மற்றப் பக்கம் திரும்பியிருந்தது. மூவரும் குனிந்து பார்த்தோம். யோசெப்பினுக்குத்தான் முதலில் பிடிபட்டது. இராமரோடு நடந்து ஏறிய அந்த ஒரு நாளைத் தவிர, பழனியம்மா எப்போதும் ட்ராக்டர் பெட்டியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துதான் மேலே போயிருக்கிறார்.

"இவ்வளவு காலமும் ஊருக்குப் புறமுதுகு காட்டியே போயிருக்கிறீங்களே அக்கா."

"முன்னுக்குப் பாத்தா டிரைவரு முதுகுதான் தெரியும் தங்கச்சி. அவன் குளிக்கவே மாட்டான்."

படத்தைத் திருத்தினேன். இருவரும் சிரித்து முடியும்வரை நான் பென்சிலைக் கூராக்கினேன்.

அந்தப் பாதையை வைத்துத்தான் பூட்டைத் தேர்ந்தோம். முன் அச்சா பின் அச்சா என்பது சுலபம். ஏற்றத்தில் பாரம் பின்னுக்குப் போகும், பெட்டியும் அங்கேதான் இருக்கும். ஆகவே பின் அச்சு. எந்த வகை என்பதுதான் கேள்வி.

தானாகப் பூட்டும் வகைக்குப் பொத்தான் கிடையாது. இழுக்கும்போது பூட்டிக்கொள்ளும், வளைவில் விடும். விடும்போது "டக்" என்று ஓர் அடி விழும். யோசெப்பினுக்கு அந்த அடி தெரியும். முன்பு அப்படியான ஜீப் ஒன்றை இரவல் வாங்கிப் பெட்டியோடு ஜிந்துப்பிட்டி முனையில் திரும்பினார். பின்னாலிருந்து "டக்" என்றது. இறந்தவரின் தம்பி, அண்ணன் தட்டுகிறான், நிறுத்து என்று கத்தினார். இயந்திரச் சத்தம் என்று யோசெப்பின் விளக்கம் சொல்லவில்லை. நடுத்தெருவில் நிறுத்தி இறங்கினார். பெட்டியைத் திறந்தார். தம்பி அண்ணனின் கையைத் தொட்டுப் பார்த்துப் போதும் என்று சொல்லும்வரை நின்றார். பின்னால் பஸ்கள் ஹோன் அடித்தன. இதைக் கேட்ட அன்றுதான் இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

காற்றால் பூட்டும் வகையில் ஒரு சிறிய கம்ப்ரஸர், ஒரு குழாய், ஒரு பொத்தான். ஓட்டுபவர் நினைத்தால் பூட்டும், நினைத்தால் விடும். அடி இல்லை. குழாய் வெடித்தால் சாதாரண வண்டியாகிவிடும், அவ்வளவுதான். மூன்றாம் வளைவுக்கு இதுதான் பொருத்தம். பக்கவாட்டில் சரிந்த இடத்தில் இரண்டு சக்கரமும் பூட்டிக் கிடந்தால், இரண்டும் சேர்ந்தே பள்ளத்துப் பக்கம் வழுக்கும். பூட்டை விட்டால் ஒன்றாவது நிலத்தைப் பிடித்து நிற்கும்.

இணையத்தில் ஜீப்காரர்கள் எழுதும் ஓர் அறிவுரையையும் யோசெப்பினிடம் சொன்னேன். ஏற்றத்தில் வண்டி நின்றால் பதற வேண்டாம். நேராகப் பின்னால் இறக்கி, வேகம் எடுத்து மறுபடி வரலாம். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிரேதத்தோடு புறப்பட்ட வண்டியைப் பின்னால் எடுக்க வீட்டார் விடமாட்டார்களாம். எடுத்தால் அந்த வீட்டிலிருந்து இன்னொருவரும் போவார் என்று பயமாம். நீங்கள் நம்புகிறீர்களா என்று கேட்டேன்.

"நம்புறனா இல்லையா எண்டது வேற பிள்ளை. அழுதுகொண்டு இருக்கிற சனத்துக்கு முன்னால ரிவர்ஸ் போட எனக்குக் கை வராது."

ஆக, நான் படித்த எல்லாக் கட்டுரைகளிலும் இல்லாத ஒரு நிபந்தனை. இந்த வண்டிக்கு இரண்டாம் முயற்சி கிடையாது. வழுக்கத் தொடங்குமுன்பே பூட்ட வேண்டும். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது பூட்டினால் பல் உடையும்.

(இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அவை எனக்கே சொல்லப்பட்டவைபோல் இருந்தன. வழுக்கத் தொடங்கிப் பல நாட்கள் ஆகியிருந்தன.)

6

முடிவுகள்.

ஒன்று: மழைக்காலம். ஜீப் மூன்று வளைவுகளையும் சத்தமில்லாமல் ஏறுகிறது. லயத்து வாசலில் நிற்கிறது. அழகான முடிவு. ஆனால் இதில் ஒருவர் இறந்திருக்க வேண்டும். எழுத மறுக்கிறேன்.

இரண்டு: டொக்டர் சொன்னது பிழை. அறிக்கையை நானே திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். மறுக்கிறேன்.

மூன்று: பரீட்சார்த்தமாக ஒரு பயணம். பழனியம்மா உயிரோடு, முன் ஆசனத்தில், முதல்முறையாக முன்பக்கம் பார்த்தபடி. வளைவுகள் அவர் சொன்னதற்கு மாறாக ஒவ்வொன்றாக வருகின்றன. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஆனால் ஏன் இப்போதே போக வேண்டும், தைப்பொங்கலுக்குப் போகலாமே என்று அவர் கேட்பார். அப்போது நான்—

வாசிப்பவர் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். அந்த மூன்றில் எதையும் நான் எழுதப் போவதில்லை. கடையில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அதை நான் உண்டாக்கவில்லை.

7

பஞ்சிகாவத்தையில் மர்ஸூக் நானாவின் உதிரிப்பாகக் கடை. மூவரும் போனோம். பழனியம்மாவை வீட்டில் இருக்கச் சொன்னேன். எனக்கென்ன, வயிற்றில் புண்தானே என்று சொல்லி வந்துவிட்டார். மர்ஸூக் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டு, நெக்டோ சோடா ஒன்று வரவழைத்துக் கொடுத்தார். எந்தக் காட்டுக்குப் போகிற ஜீப் என்று விளையாட்டாகக் கேட்டார். யோசெப்பின் தன் தொழிலைச் சொன்னதும் பகிடியை விட்டுவிட்டார். என் படத்தை வாங்கி மேசையில் விரித்து, மூன்றாம் வளைவில் விரலை வைத்து, சரிவு எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் காட்டினேன். காற்றால் பூட்டுவதுதான் என்று அவரும் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு நாள் படித்தது சரியாக வந்திருந்தது.

அவர் கணினியில் ஏதோ தேடிவிட்டு நிமிர்ந்தார்.

"காத்துல பூட்டுறது கையில இல்ல. ஓடர் போட்டா கப்பல்ல வர பத்துக் கிழமை செல்லும். தானாப் பூட்டுறது ஒண்டு ஈக்கிது, அத இண்டைக்கே தரலாம். ஆனா எனத்துக்கு அவசரப்படுறீங்க? நல்ல சாமான் வாரதுக்குப் பத்துக் கிழமை ஒரு காலமா?"

பத்துக் கிழமை என்றால் இரண்டு மாதத்துக்கும் மேல். யோசெப்பின் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். சரிந்த வளைவில் தானாகப் பூட்டுவது ஆபத்து, காற்று வகைக்குக் காத்திருப்பதுதான் நல்லது என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தெருவில் லொறி ஒன்று ரிவர்ஸில் வந்தது. மர்ஸூக் பேனாவை எடுத்து ஓடர் எழுதத் தயாரானார்.

பழனியம்மா சோடாப் போத்தலை மேசையில் வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. விலை கேட்கிற குரலில் மர்ஸூக்கிடம் சொன்னார்.

"இன்னைக்கு இருக்கிறதையே போடுங்க மொதலாளி. தங்கச்சி அந்த வளைவ மெதுவா எடுத்துக்கும். கப்பல் வர்ற வரைக்கும் நா இருக்க மாட்டேன்."