ஹார்ட்விக்கின் சிவப்புக் கட்டிடம்

எங்கே காரை நிறுத்துவது, எந்தக் கதையை முதலில் சொல்வது என்று செந்தூரன் ஒரு கிழமையாக ஒத்திகை பார்த்திருந்தான். சனிக்கிழமைகளில் ஹார்ட்விக் சரித்திரச் சங்கத்துக்காக முன்பின் தெரியாதவர்களுக்கே ஊரைச் சுற்றிக் காட்டுகிறவன். சொந்த மாமியாருக்குக் காட்ட மட்டும் ஏன் இத்தனை ஒத்திகை?

காரணம் இருந்தது. சிட்னியிலிருந்து நாலரை மணித்தியாலம் காரில் வந்திருந்த மேரிறோஸ் மாமிக்கு இந்த ஊர் பிடித்துவிட்டால், ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவி றொஷானி இன்றே அவனோடு தங்கிவிடுவாள். அவளுடைய பெட்டி காரின் பின்னால்தான் இருந்தது. போன வருடம் முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது சிட்னி வெஸ்ட்மீட் ஹொஸ்பிட்டலில் பக்கத்திலிருந்து பார்த்தவர் மாமி. அதன்பிறகு றொஷானி தாயைக் கேட்காமல் மாடிப்படிகூட ஏறுவதில்லை.

அவனால் சிட்னிக்குப் போய் அவளோடு இருக்க முடியாது. பெருநகரங்களில் குடியிருக்கவோ வேலை செய்யவோ அவனுடைய விசா விடாது. இன்னும் பதினேழு மாதம் இந்தச் சின்னஞ்சிறு பல்கலைக்கழக ஊரின் மண் பரிசோதனைக்கூடமே கதி. கலியாணம் கட்டினாலும் அந்த விதி மாறாது என்று லோயர் கையை விரித்துவிட்டார்.

"இந்த மணிக்கூட்டுக் கோபுரம், மாமி, பொன் தோண்ட வந்த ஆக்கள் கட்டினது."

"நேரம் பிழையாக் காட்டுதே, தம்பி."

"இடி விழுந்ததில இருந்து ஏழு நிமிசம் பிந்தித்தான் ஓடுது. திருத்தப் போனால் ஊர்ச்சனம் விடாது."

"இவருக்கேத்த ஊர்தான், அம்மா," என்றாள் றொஷானி. "கலியாணத்துக்கே பிந்தி வந்த ஆள்."

மாமி வாய்விட்டுச் சிரித்தார். செந்தூரனுக்கு உயிர் வந்தது.

கம்பளி வியாபாரி ஒருவர் மகளுக்குக் கட்டிய மாளிகைதான் பல்கலைக்கழகத்தின் முதல் கட்டிடம் என்று காட்டினான். "மகள் ஒரு நாளும் வந்து இருக்கேல்லையாம், மாமி."

"ஏனாம்?"

"குளிராம்."

"கெட்டிக்காரி," என்றார் மாமி.

வாவிக்கரையில் கறுப்பு அன்னங்களைப் பார்த்தபடி, மாமி கொண்டுவந்த ரோல்ஸைச் சாப்பிட்டார்கள். கோயில் எங்கே என்று கேட்டார். ஞாயிறு ஒன்பது மணிக்குப் பூசை, பாதர் கேரளாக்காரர் என்றான். ரின்னில் அடைத்த தேங்காய்ப்பால் கிடைக்குமோ என்று கேட்டார். கிடைக்கும் என்றான். கடைசியில் மாமி கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, பெட்டியை இறக்குவம்," என்றார். றொஷானி அவனுடைய சுண்டுவிரலை யாருக்கும் தெரியாமல் பிடித்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அது நடந்தது.

"இந்தச் சிவப்புக் கட்டிடம் வடிவாயிருக்கு. என்ன தம்பி இது?"

இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மதிலோரம் நின்று சொன்ன கதை. வாய் தன்பாட்டில் ஓடியது. "இது பழைய ஹொஸ்பிட்டல், மாமி. நூற்றிமுப்பது வருசமாய் இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் இஞ்சதான் பிறந்தது. கடைசிப் பிள்ளை பிறந்து மூண்டு வருசம். அதுக்குப் பிறகு ஹார்ட்விக்கில பிறக்கிறது செம்மறிக்குட்டி மட்டும்தான்."

வழமையாக அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

"அப்ப புது ஹொஸ்பிட்டல்?" என்று மாமி கேட்டார்.

"இருக்கு. அஞ்சு நிமிசம். ஆனால் பிள்ளைப்பேறு வார்டு இல்லை. அதுக்கு ஒண்டரை மணித்தியாலம் போகவேணும். நல்ல ரோட், மாமி. மிட்வைஃப் கிழமைக்கு ஒருக்கா இஞ்ச வருவா..."

"தம்பி, நான் வெஸ்ட்மீட்டில பிள்ளைப்பேறு வார்டுக்குப் பன்னிரண்டு வருசம் சாப்பாட்டு வண்டி தள்ளினனான். ஒண்டரை மணித்தியாலம் எண்டால் என்ன எண்டு எனக்குத் தெரியும்."

கோபத்தோடு சொல்லியிருந்தால் அவன் ஏதாவது வாதாடியிருப்பான். மாமியின் குரலில் கோபமே இல்லை.

றொஷானி அவனைப் பார்த்தாள். "ஹொஸ்பிட்டல் அஞ்சு நிமிசம் எண்டுதானே சொன்னனீங்கள்?"

"பொய் சொல்லேல்லை, றொஷானி. மிச்சத்தை நீர் வந்தபிறகு ஆறுதலாய்ச் சொல்லுவம் எண்டு..."

"எனக்குப் பயமாயிருக்கு, செந்தூரன்," என்றாள். அவளுடைய கை வயிற்றில் இருந்தது. "உங்களோட இருக்கத்தான் விருப்பம். ஆனால் பயமாயிருக்கு."

விசாவை ஏசலாம், மூடிய வார்டை ஏசலாம். மறைத்த தன்னையும் ஏசலாம். எதை ஏசினாலும் ரோட் ஒரு கிலோமீற்றர் குறையப்போவதில்லை.

வீட்டு வாசலில் அவன் காரின் பின்கதவைத் திறந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் அவள் அவனுக்கென்று கொண்டுவந்த றைஸ் குக்கர் இருந்தது. அதை மட்டும் இறக்கிக் கொடுத்தார் மாமி. "பிள்ளை பிறக்கிற நேரம் லீவு எடுத்துக்கொண்டு ஓடி வாங்கோ, தம்பி. நான் பார்த்துக்கொள்ளுவன்."

"நாலரை மணித்தியாலம், மாமி," என்றான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

றொஷானி கார்க் கண்ணாடியை இறக்கி, "போட்டு வாறன்," என்றாள். கார் வளைவில் மறையும்வரை குக்கரை அணைத்தபடி நின்றான்.

இரண்டு மணிக்கு மெல்பேர்னிலிருந்து ஒன்பது பேர் கோபுரத்தடியில் காத்திருந்தார்கள். கோபுரத்தைக் காட்டினான், மாளிகையைக் காட்டினான். சிவப்புக் கட்டிடத்தடியில், "இது பழைய ஹொஸ்பிட்டல்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினான்.

போன வருடமும் வந்திருந்த கிழவர் ஒருவர் பின்னாலிருந்து உற்சாகமாகக் கூப்பிட்டார். அந்தச் செம்மறிக்குட்டிப் பகிடியை விட்டுவிட்டாயே, இவர்களுக்கும் அதைச் சொல்லு என்றார்.

ஒன்பது பேரும் சிரிப்பதற்கு ஆயத்தமாக அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.